நல்லாயிருக்கு என்றால் நம்பாதவர்

என் முகம் கோணியதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஒஸ்லோவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. பார்த்த வேலைகளில் எல்லாம் சிரித்த முகத்தைத்தான் கேட்டார்கள். கோணின முகத்தைப் பார்த்து வேலை தந்தவர் அவர் ஒருவர்தான்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி என் வலது தோள்மூட்டு தேய்ந்துபோனது. பாரம் தூக்காத வேலை ஒன்றைப் பழகிப் பாருங்கள் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொல்லி, தொர்ஷோவ் பக்கம் ட்ராம் வளைந்து திரும்பும் தெருவில் இருந்த ஒரு சின்ன ஜப்பானியக் கஃபேக்கு என்னை அனுப்பினார்கள். போன அன்று மழை. நனைந்த ஜாக்கெட்டோடு நின்ற என்னை அவர், அந்தக் கடையின் சொந்தக்காரியான ஜப்பானியப் பெண்மணி, ஒரு மேசையில் இருத்தி, சுருட்டிய சுடுதுவாய் ஒன்றைத் தட்டில் வைத்துத் தந்தார். அது கை துடைப்பதற்கு என்று தெரியாமல் நான் முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். பிறகு மண்ணிறத்தில் ஒரு தேநீர் வந்தது. தேயிலையை அவரே சட்டியில் வறுத்துப் போடுவாராம். ஒரு மிடறு குடித்தேன். வாய் என்னைக் கேளாமலே கோணிக்கொண்டது.

"என்ன?" என்றார். விருந்தாளியைக் கேட்கிற தொனி இல்லை, டொக்டர் கேட்கிற தொனி.

"வறுத்தது காணாது. பச்சை மணம் நிக்குது," என்றேன். எப்படியும் வேலை தரப்போவதில்லை, அலுவலகத்துக்காக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்ற அலுப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் என் கோப்பையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி, திரும்ப மேசையில் வைத்தார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கோ," என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. நாங்கள் கதைத்தது நொஸ்க்கில், இந்த ஊர் மொழியில். இருவருடையதும் நொண்டி நொஸ்க். அந்த நொண்டலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதில் அவர் பருத்தித்துறையில் பிறந்தவர் மாதிரித்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டி, காதுக்குப் பின்னால் இறுக்கி விட்டிருப்பார். நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். அந்த மனிதர் இப்போது பேர்கனில் வேறொருவரோடு இருக்கிறார். "இருபது வருசத்துக்கு மேலை ஒவ்வொரு நாளும் கோப்பையை வைச்சுப்போட்டு நல்லாயிருந்தது எண்டு சொன்னவர்," என்று ஒருமுறை சொன்னார். "பிறகு என்னை விட்டிட்டுப் போட்டார்." அவ்வளவுதான் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அவருடைய பிரச்சினை எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் மறைக்கவுமில்லை. பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சலில் அவருடைய மூக்கு போய்விட்டது. மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பும் கைப்பும் தெரியும். மணம் மட்டும் இல்லை. மணம் மட்டும்தானே என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ரசம் குடித்துப் பாருங்கள், புளித்தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். அவருக்கு உலகத்துச் சாப்பாடு எல்லாமே அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்துகொண்டு நாள் முழுவதும் அடுத்தவர்களுக்குச் சமைத்தார்.

"என்ரை நாக்கு, உங்கடை மூக்கு," என்றார். "நல்லாயிருக்கு எண்ட சொல்லு இந்தக் குசினிக்குள்ளை வேண்டாம். அதிலை எனக்கு ஒரு தகவலும் இல்லை."

அதுதான் அவர். மீதி எல்லாம் அதற்குள் அடக்கம்.

கடையில் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டை, சோயா அவரைக் கூழைக் கரைத்த சூப், ஓரம் வெட்டிய வெள்ளைப் பாணுக்குள் முட்டை, துணியில் வடித்த கோப்பி. இனிப்பு என்றால் சிவப்புப் பயறு. அந்தப் பயற்றை அவித்துச் சீனி போட்டுக் கிண்டிக் கிண்டி இறுக்கி, அதை வைத்தே பத்து வகை செய்துவிடுவார். சின்னப் பான்கேக் இரண்டுக்கு நடுவில் வைப்பார், அரிசிமாவில் பொதிவார், தடித்த பாண் வாட்டி பட்டரோடு பூசுவார், குளிர் நாளில் இளக்கி சுடச்சுடக் கிண்ணத்தில் ஊற்றுவார். முதல் நாள் அதை வாயில் வைத்ததும் எனக்குப் பிள்ளையார் சதுர்த்தி ஞாபகம்தான் வந்தது. மோதகத்துக்குள் வைக்கிற அதே சங்கதி, தேங்காய்ப்பூ மட்டும் இல்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிரிப்பும் வந்தது.

"எப்பிடி?" என்றார்.

"எங்கடை ஊரிலையும் இருக்கு."

"அது பதில் இல்லை."

"உப்பு ஒரு கிள்ளுப் போடலாம். பயத்தின்ரை தோல் மணம் கொஞ்சம் கூட. இன்னொருக்கால் தண்ணியை வடிச்சு ஊத்தியிருக்கவேணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு லேசாகக் குனிந்தார். என் மாமியார் இருந்த காலத்தில் நான் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

சூப்புக்கு அவர் ஒரு காய்ந்த மீனைச் சீவல் சீவலாகக் கொதிதண்ணீரில் போட்டு வடிப்பார். அதை முதல் முதல் மணந்தபோது "இது மாசிக்கருவாடு!" என்று கத்தியேவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம் என்பதால் அந்தச் சட்டிக்குமேல் குனிந்து மணந்து சொல்வேனே தவிர வாயில் வைக்கமாட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் வெள்ளி, ஏன் செவ்வாய் இல்லை என்று மட்டும் ஒருநாள் கேட்டார். சிலர் செவ்வாயும்தான் என்றேன். அதற்குமேல் எனக்கே தெரியாது.

சனங்களோடுதான் அவர் பட்ட பாடு. நோர்வேக்காரருக்குக் குறை சொல்லத் தெரியாது. வேகாததைக் கொடுத்தாலும் "வெல்டி கொத்", மிகவும் நல்லது என்று சொல்லி, நன்றியும் சொல்லி, கோப்பையைக் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அந்த இரண்டு சொற்களும் காதில் விழுந்தாலே முகம் வாடிவிடும். திரைச்சேலைக்குப் பின்னால் நின்று முதல் வாய் போகிறபோது முகங்களைப் பார்ப்பார். சாப்பிட்டு முடித்த தட்டுகளை நான் கழுவ எடுத்தால் தடுத்து, மிச்சத்தைப் பார்ப்பார். எந்தப் பக்கம் கடித்திருக்கிறார்கள், எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று.

என் மகள் ஒருநாள் தன்னோடு வேலை செய்யும் சிசிலியா என்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் இங்கே பிறந்தவள், இங்கத்தைய ஆட்களின் குணம்தான் அவளுக்கும். ஒரு கடி கடித்துவிட்டு உற்சாகமாக மிகவும் நல்லது என்றாள். உடனே இவர் மேசைக்கு வந்துவிட்டார்.

"எப்பிடி நல்லது?"

"ம்... நல்ல சொஃப்ட்டா இருக்கு."

"சொஃப்ட் எண்டால் நல்லதோ?"

"ஓம்."

"ஏன்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பி வடிக்கிற துணியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரே புலம்பல். "அம்மா, அந்த அன்ரி என்னை எக்ஸாமென் மாதிரிக் கேட்டவ. சிசிலியாவுக்கு முன்னாலை எனக்குச் சரியான ஃப்ளௌத்தாப் போச்சு. நான் இனி அங்கை வரமாட்டன்." ஃப்ளௌத் என்றால் வெட்கக்கேடு. இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து உலகத்தில் கிடையாது.

இன்னொரு சம்பவம். பள்ளிக்கூட வாத்தியார் தோற்றத்தில் ஒருவர் வருவார். கிரீன் டீ கேக் ஒன்று எடுப்பார், பேப்பர் வாசிப்பார், மிகவும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அவர் போனபிறகு தட்டில் பேப்பர் நப்கின் குவிந்து கிடந்தது. இவர் அதைத் தூக்கினார். கீழே பாதிக் கேக், சின்னப் பிள்ளை கீரையை ஒளிப்பது மாதிரி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவம்," என்றார். "இதை மறைக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்."

அடுத்த கிழமை அந்த மனிதர் திரும்ப வந்து அதே கேக்கைத்தான் கேட்டார். இவருக்கு அது தாங்கவில்லை. உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். "பிடிக்கேல்லை. பிறகு ஏன் வாறார்?"

"அவர் கேக்குக்கு வரேல்லை," என்றேன். "இஞ்சை சத்தமில்லை. சுடுதுவாய் தாறீங்கள். ஒருத்தரும் எழும்பச் சொல்றேல்லை. இருக்க வாறார்."

சமாதானமாகத்தான் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

நான் வீட்டுக்குப் போகும்போதும் இந்த வியாதி என்னோடு ரொம்மன் வரை ரயிலேறி வந்தது. இவர், என் கணவர், முப்பது வருடமாக நான் வைக்கிற எதற்கும் "பரவாயில்லை" என்பார். ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்போடு நின்றுகொண்டு, "எப்பிடிப் பரவாயில்லை?" என்று கேட்டேன். மனிதன் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். "உமக்கு என்ன நடந்தது? அந்த ஜப்பான்காரி ஏதும் சொன்னவவோ?" என்றார். அன்றிலிருந்து ஒரு வாய் அதிகமாகச் சாப்பிடுவதே பதில் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் குறை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் மச்சாள், இவருடைய அக்கா. ஸ்தூவ்னரில் இருக்கிறார். கலியாண வீட்டில் தாலி கட்டி முடிவதற்குள் பாயாசம் எந்தச் சட்டியில் அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவார். சாமத்தியச் சடங்கில் மண்டபத்து வாசலில் நின்றபடியே "எண்ணெய் பழசு" என்பார், அதைச் சமைத்தவருக்குக் கேட்கிற மாதிரி. இதனாலேயே அழைப்பிதழ் கொடுக்க "மறந்து" போகிறவர்கள் உண்டு. மச்சாளுக்கும் அது தெரியும். அதற்காக வாயை மூட மனம் வராது. நான் ஜப்பான் கடையில் வேலை செய்வதைப் பல மாதங்களாக மச்சாளுக்குச் சொல்லவேயில்லை. கேட்டால் ஒரு கடை என்பேன். இருக்கிற நிம்மதியையும் கெடுத்துக்கொள்வானேன்.

வசந்தம் தொடங்கியபோது கட்டடத்துக்காரர் வந்து, கடையை இன்னும் ஐந்து வருடத்துக்கு வைத்திருப்பதா விடுவதா என்று மே மாத முடிவுக்குள் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இனிப்பு ஒன்று சாப்பிட்டு, மிகவும் நல்லது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து அவருடைய கேள்வி கூடியது. அதிகாலையிலேயே வந்து பயறு போடுகிறவர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நிற்பார். மத்தியானச் சனம் குறைந்ததும் மா மூட்டைக்கு மேல் சாய்ந்துகொள்வார், இரண்டு நிமிடத்தில் துள்ளி எழும்புவார். "களைப்போ?" என்றால் "இல்லை" என்பார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எப்போதும் ஒற்றைச் சொல்தான்.

"விடுங்கோவன்," என்று ஒருநாள் சொன்னேன். "மூக்கும் இல்லாமல் உடம்பை முறிச்சு என்னத்துக்கு?"

"எல்லாரும் நல்லதெண்டு சொல்லினம். நல்லாயிருக்கிற கடையை ஆரும் பூட்டுவினமோ?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குச் சமைக்கத் தெரியாமல் போச்செண்டால் பூட்டலாம். அதை ஆர் சொல்றது?"

"நான் சொல்லுவன்."

"சொல்லுவீங்கள்," என்றார். "அதுக்குத்தான் உங்களை வைச்சிருக்கிறன்."

சொல்வதற்கு எனக்கு மூக்கு இருக்கவேண்டுமே. இந்த ஊரில் மே மாதம் பேர்ச் மரங்கள் பூக்கும். அந்த மகரந்தம் இங்கே பாதிச் சனத்தைத் தும்ம வைக்கும். வந்து இத்தனை வருடம் என்னைத் தொடாதது, அந்த வருடம் பார்த்து என்னைப் பிடித்தது. கண் எரிந்தது, மூக்கு சீமெந்து பூசினாற்போல அடைத்துக்கொண்டது. சட்டிக்குமேல் குனிந்தால் ஆவி படுவது தெரிகிறது, வேறு எதுவும் இல்லை. அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குசினி, இரண்டு பொம்பிளைகள், மூக்கு ஒன்றுகூட இல்லை.

ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போலிருந்தது. "எங்கடை ஆக்கள் படையலுக்குச் சமைக்கேக்கை இப்பிடித்தான்," என்றேன். சாமிக்குப் படைக்கிற சாப்பாட்டை முதலில் நாங்கள் உப்புப் பார்க்கக்கூடாது, மணந்தும் பார்க்கக்கூடாது. கை அளவு, கண் அளவு, அவ்வளவுதான். ஒரு தைப்பொங்கலுக்கு நானும் மச்சாளும் ஆளுக்கொரு தடவை சாம்பாருக்கு உப்புப் போட்டு, யாரும் வாயில் வைத்துப் பார்க்காமல், படைத்தபிறகு வந்த சனமெல்லாம் தண்ணீர் கேட்டு அலைந்ததையும் சொன்னேன்.

அவர் அந்தக் கதையை மிகவும் ரசித்தார். "முதல் ஆர் சாப்பிடுறது?" என்றார்.

"கடவுள்."

"அவர் என்ன சொல்லுவார்?"

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"நோர்வேக்காரர் மாதிரி," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அதிகமில்லை. அடுத்த நாளிலிருந்து படையல் முறைப்படி கை அளவில் சமைத்தார். சனம் வந்தது, சாப்பிட்டது, மிகவும் நல்லது என்றது. கிழமை அப்படியே ஓடியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. மச்சாள். வேறு யார், என் கணவர்தான் உளறியிருக்கிறார், முட்டை போடாத பயற்று இனிப்பு இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் சாப்பிடலாம் என்று.

"இதுதானோ உன்ரை கடை? சின்னனாக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே மச்சாள் இருந்தார். சுடுதுவாயைக் கொடுத்தேன். "இதை ஆர் துவைக்கிறது?" என்று விரித்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். கடையில் அப்போது வேறு ஒருத்திதான் இருந்தாள், பிள்ளைத் தள்ளுவண்டியோடு கிழமையில் மூன்று தரம் வருகிற இளம் தாய், தன் கிண்ணத்தைப் பாதி முடித்திருந்தாள். மச்சாளுக்கும் அதையே வைத்தேன், சூடான பயறு, மேலே வாட்டிய அரிசி உருண்டை.

முதல் கரண்டி போனது. மச்சாள் மேலே கூரையைப் பார்த்தார். இரண்டாம் கரண்டியோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ராஜி, இது அடிப்பிடிச்சிருக்கு."

"மெள்ளக் கதையுங்கோ மச்சாள்."

"ஏன் மெள்ள? தமிழிலைதானே கதைக்கிறன். அடிப்பிடிச்சதை இனிப்பு மறைச்சுக்கொண்டு நிக்குது. நாக்குக்குத் தெரியாது. மூச்சு விடேக்கை தெரியுது. நல்லா அடிப்பிடிச்சிருக்கு."

திரைச்சேலை விலகியது. அவர் வந்துவிட்டார். மச்சாளின் முகம் எந்தப் பாஷையிலும் விளங்கக்கூடிய முகம்.

"என்ன சொல்றா?"

நல்லாயிருக்காம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாத முடிவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. கடை நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். அதெல்லாம் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருகியிருக்கு எண்டுறா," என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னும் மூக்கு அடைப்பு. ஒண்டும் தெரியேல்லை."

அவர் நேரே அந்த இளம் தாயிடம் போனார். "கருகின மணம் இருக்கோ?"

அவள் சிவந்துபோனாள். குழந்தையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "கொஞ்சம்," என்றாள்.

"இண்டைக்கு மட்டுமோ?"

"செவ்வாய்க்கிழமையும் இருந்தது. புதன்கிழமையும்." பிறகு அவசரமாக, "நான் இது இப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு நினைச்சன். ஜப்பானிலை இப்பிடித்தான் செய்வினமாக்கும் எண்டு. ஆனால் மிகவும் நல்லாயிருந்தது," என்றாள்.

அவர் தலையாட்டினார். கோபம் எதுவும் இல்லை. என் பக்கம் திரும்பி, நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "காலமை கிண்டேக்கை நித்திரையாப் போறன். நிண்டபடியே. கண் முழிக்கேக்கை கரண்டி கையிலை இருக்கும். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது."

மணம் தெரிகிற எவருக்கும் அந்தக் கருகல் மணத்திலேயே முழிப்பு வந்திருக்கும்.

மச்சாளுக்கு நொஸ்க் அவ்வளவாக ஓடாது. ஆனால் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எங்கள் முகங்களில் தெரிந்துவிட்டது. "என்னடி, நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டனே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கரண்டியை எடுத்து, அந்தக் கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். வாய் நிறையப் பயற்றோடு அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நொஸ்க்கில், "நல்லது, நல்லது," என்றார். இத்தனை வருடத்தில் மச்சாள் ஒரு சாப்பாட்டை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்தது மாதிரி இருந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவவுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை," என்றார்.

பிறகு மேடைக்குப் பின்னால் போய் போனை எடுத்தார். கட்டடத்துக்காரரோடு கதைத்ததை நான் நின்ற இடத்தில் இருந்தே கேட்டேன். "ஐந்து வருசம் வேண்டாம். ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். இல்லை, வருத்தம் ஒண்டும் இல்லை. இல்லை, கடையை எடுக்க வேறை ஒருத்தரும் இல்லை." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "களைச்சுப்போனன்," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து நான் கேட்டது அதுதான் முதல்.

இத்தனை மாதமாக அவர் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்டது பிழையைத் திருத்துவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இனிச் சமையல் சரிவராது, நிற்பாட்டலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று கேட்டிருக்கிறார். வந்த சனமெல்லாம் அவரை நல்லது நல்லது என்று சொல்லியே ஓய விடாமல் நிற்க வைத்திருந்தது.

அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு மச்சாளுக்கு எதிரில் வந்து இருந்தார். மச்சாளுக்குக் குனிந்து ஒரு வணக்கம் சொன்னார். மச்சாளும் பதிலுக்குத் தலையை ஆட்டினார், என்ன செய்வது என்று தெரியாமல். அவர் கைகளை மேசையில் மடித்து அதன்மேல் தலையைச் சாய்த்தார். இரண்டு மூச்சுக்குள் நித்திரையாகிவிட்டார்.

இளம் தாய் தன் கிண்ணத்தைச் சத்தம் வராமல் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டு, தள்ளுவண்டியைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுபோனாள். வாசலில் இரண்டு பேர் வந்து கண்ணாடியால் எட்டிப் பார்த்தார்கள். மச்சாள் உதட்டில் விரலை வைத்துக்காட்டி, போங்கோ என்று கையசைத்தார். நான் போய்க் கதவைப் பூட்டினேன், அடுப்பை அணைத்தேன், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இந்த மனிசி எத்தினை நாளாய் நித்திரை கொள்ளேல்லை ராஜி?" என்றார் மச்சாள், மெள்ள.

எனக்கு வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை எழுப்ப மனம் வரவில்லை.